பதினாலாம் நம்பர் ஆணி

எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. குக்கர் விசில் அடித்தால் ஓரடி பின்னால் போவேன். லிஃப்ட் மேலே கிளம்பினால் கண்ணை மூடிக்கொள்வேன். என் நாத்தனார் எனக்கு வைத்திருக்கிற பெயர் 'பயந்தாங்கொள்ளி அண்ணி'. போனில்கூட என் நம்பரை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறாள். ஒருநாள் எதேச்சையாகப் பார்த்துவிட்டேன்.

ஆனால் இருபத்தாறு வருஷம் ஒரு பவர் ஹவுஸ் ஃபிட்டருக்குப் பெண்டாட்டியாக இருந்து பார்த்துவிட்டு அப்புறம் யாராவது என்னைக் கேலி செய்யட்டும். மேலே அணையிலிருந்து தண்ணீர் குழாய் வழியாக இறங்கி வரும். அது பீய்ச்சி அடிக்கிற வேகத்தில் ஆளைவிடப் பெரிய சக்கரம் ஒன்று சுற்றும். சக்கரத்தின் விளிம்பு முழுக்க இரும்புக் கிண்ணங்கள். தண்ணீர் அடித்து அடித்து அந்தக் கிண்ணங்கள் தேய்ந்து சொத்தைப் பல் மாதிரி குழி விழும். மெஷினை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அடியில் இருக்கிற குழிக்குள் புகுந்து, தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்துச் சமமாக்குவதுதான் என் வீட்டுக்காரர் வேலை.

அவர் உள்ளே இருக்கும்போது மேலே யாராவது தண்ணீரைத் திறந்துவிட்டால்? கல்யாணமான மறுமாசமே கேட்டேன். "அதுக்குத்தான் டோக்கன் இருக்கு" என்றார். அப்புறம் எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான்.

டோக்கன் என்றால் வட்டமான பித்தளைத் தகடு. ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு நம்பர். குழிக்குள் போகிறவர் முதலில் மேலே ஹாலில் இருக்கிற பலகையில், தன் நம்பர் போட்ட ஆணியில் அதை மாட்டவேண்டும். வெளியே வந்ததும் அவர் கையாலேயே கழற்றவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, அது பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி. பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் ஆபரேட்டர் தண்ணீரைத் திறக்கமாட்டார். என் வீட்டுக்காரர் நம்பர் பதினாலு. வேலையிடத்தில் அவருக்குப் பெயரே அதுதான். வீட்டுக்குப் போன் செய்பவர்கள்கூட "பதினாலு இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் வேலையிலிருந்து ரிட்டயரான மறுவருஷம் பவர் ஹவுஸை மூடினார்கள். கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. பிறகு சுவருக்கு வெள்ளையடித்து, மெஷின்களுக்குப் பச்சைப் பெயின்ட் பூசி, ஸ்டோர் ரூமைக் காபிக் கடையாக்கி, டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட ஆரம்பித்தார்கள். லீவுக்கு வந்திருந்த நாத்தனார் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் அந்த வாசலை அதுவரை மிதித்ததே இல்லை.

"இப்ப அது செத்த பாம்பும்மா. செத்த பாம்புக்கு என்ன பயம்?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு உள்ளுக்குள் கொள்ளை ஆசை. காலையிலேயே ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே நுழைந்த கையோடு தலைக்கு மேல் சைரன் அலறியது. நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு ஆளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் மனைவி என்னை முறைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா, அது வெறும் ரெக்கார்டிங்" என்றாள் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டிப் பெண். சின்னப் பெண், சட்டையில் சக்கரப் படம். "உள்ள வர்ற எல்லாருக்கும் போட்டுக் காட்டுவோம்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நாத்தனார் ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

வாசலில் ஒரு கூடை நிறைய அந்தப் பழைய டோக்கன்கள். வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்து, அந்தக் காலத்துத் தொழிலாளி மாதிரி பலகையில் மாட்டவேண்டுமாம். நாத்தனார் கைக்கு வந்ததை எடுத்து எந்த ஆணியிலோ மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கூடைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். கடைசியில் பதினாலைக் கண்டுபிடித்தே விட்டார். சட்டையில் துடைத்து, பதினாலாம் நம்பர் ஆணியில் மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டி அது ஆடி நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கு மாட்டுகிற முகமாக அது இல்லை. எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. எனக்கு எப்போதுதான் அப்படிப் படவில்லை என்று நானே அதை அடக்கிக்கொண்டேன்.

மொத்தம் நான்கு மெஷின். மூன்று சும்மா பொம்மை மாதிரி நிற்கின்றன. ஒன்றை மட்டும் மணிக்கொருதரம் நிஜமான தண்ணீர் விட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். மேடையில் ஸ்டியரிங் மாதிரி ஒரு இரும்புச் சக்கரம் இருக்கிறது. வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அதைத் திருப்பச் சொல்வார்கள். திருப்பினால் கீழே பீச்சாங்குழல் வாயை அடைத்திருக்கிற ஊசி பின்னால் நகரும், தண்ணீர் பாயும், மெஷின் சுற்றும், ஹால் முழுக்க பல்பு எரியும். "யார் வரீங்க?" என்று அந்தப் பெண் கேட்டு முடிக்கவில்லை, நாத்தனார் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். அவள் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மேடைக்கு அழைத்துப் போனார்கள்.

"இன்னும் கால் மணி நேரம் இருக்கு. வா, கீழ காட்டறேன்" என்று என் வீட்டுக்காரர் என்னைப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

கீழ்த்தளத்தில் பெயின்ட் வாசனை இல்லை. கிரீஸ் நாற்றமும் ஈரமும்தான். ஒரு சங்கிலி, 'உள்ளே வரக்கூடாது' என்று ஒரு போர்டு. அவர் சங்கிலியைத் தூக்கிக் குனிந்து போனார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கதவு. பூட்டு இல்லை, கொக்கிதான். எண்ணெய் நாறுகிற இந்தப் பொந்துக்குள் யார் போகப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். இவர் நேராக, மேலே சுற்றப்போகிற அந்த மெஷினின் குழி வாசலுக்கே வந்து நின்றார்.

"பதினேழாம் கிண்ணத்துல நான் வச்ச வெல்டிங் இருக்கான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாங்க. மேல தண்ணி திறக்கப் போறாங்க."

"எப்படித் திறப்பான்? மேல என் டோக்கன் தொங்குதுல்ல?"

"அது சும்மா விளையாட்டுக்கு மாட்டச் சொன்னதுங்க."

"பலகையில தொங்கினா தொங்கினதுதான். அதுல என்னம்மா விளையாட்டு? அது தொங்கற வரைக்கும் கடவுளே வந்தாலும் அந்த வீலைத் தொடமுடியாது." குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "நீ இங்க நின்னா எனக்குப் படபடப்பா இருக்கும். மேல போ. அஞ்சு நிமிஷம்."

போனில் டார்ச் போட்டுக்கொண்டு உள்ளே ஊர்ந்தார். கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொண்டது. நான் அங்கேயே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. அந்த இருட்டும் நாற்றமும் எனக்குப் பயமாக இருந்தது, படியேறி மேலே வந்துவிட்டேன். இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

மேலே பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. கூட்டம் மேடையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது. நாத்தனார் ஹெல்மெட்டோடு எல்லாருக்கும் கையாட்டிக்கொண்டிருந்தாள். யாரோ என் தோளைத் தொட்டார்கள். அந்த வழிகாட்டிப் பெண். கையில் ஒரு தட்டு, தட்டில் டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"இந்தாங்கம்மா. சாரோடது பதினாலுதானே? ஞாபகார்த்தமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

பலகையைப் பார்த்தேன். ஒரு ஆணியிலும் ஒன்றும் இல்லை.

ஈரக்குலை நடுங்கியது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவேளை வெளியே வந்திருப்பாரோ என்று கூட்டத்தில் அவருடைய வழுக்கைத் தலையைத் தேடினேன். இரண்டு வழுக்கை கிடைத்தது, இரண்டும் அவர் இல்லை. போன் போட்டேன். அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் எந்த டவர் கிடைக்கும்? அந்தப் பெண்ணின் பின்னால் ஓடிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கீழ! என் வீட்டுக்காரர் கீழ இருக்கார்!"

பாட்டுச் சத்தத்தில் அவள் காதில் என்ன விழுந்ததோ. "டாய்லெட்டா? காபிக் கடைக்குப் பின்னாடிம்மா" என்று சிரித்த முகத்தோடு கையைக் காட்டினாள்.

சைரன் அலறியது. இந்தத் தடவை அது வெறும் ரெக்கார்டிங் இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் ஒரு பட்டனை அழுத்தினான். காலுக்கு அடியில் எங்கேயோ மெயின் வால்வு உறுமிக்கொண்டு திறந்தது. தரை அதிர்ந்தது. ஜனங்கள் "ஓ" என்று கத்தினார்கள். அப்போதுகூட எனக்கு ஒரு நிமிஷம் கால் வரவில்லை. வழக்கம்போல நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்று ஒரு நினைப்பு. அவர் ஏற்கெனவே வெளியே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தால்? இத்தனை பேர் முன்னால் நான் கத்தி, மெஷினை நிறுத்தி, அவர் கப்பும் கையுமாக வந்து நின்றால்? சிரிப்புக்குப் பயந்து அவ்வளவு நேரத்தை வீணாக்கினேன்.

"எல்லாரும் சேர்ந்து எண்ணுங்க!" என்றது மைக். "பத்து!"

"பத்து!" என்றது கூட்டம்.

நான் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு முட்டினேன். "நிறுத்துங்க! உள்ள ஆள் இருக்கு!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். என்னைச் சுற்றி எல்லாருமே கத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்பது. எட்டு. ஒருத்தர் என்னைப் பார்த்து உற்சாகமாகத் தலையாட்டி இன்னும் பலமாகக் கத்தினார். கண்ணாடி அறையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினேன். ஆபரேட்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஏழு. ஆறு. யாருடைய காலையோ மிதித்தேன், யாரோ திட்டினார்கள். கைப்பை எங்கேயோ மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டேன். ஐந்து.

நாத்தனார் என்னைப் பார்த்துவிட்டாள். என் முகம் எப்படி இருந்ததோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அண்ணிக்கு மெஷின் சத்தம்னாலே பயம்!" என்று மைக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள். ஹாலே சிரித்தது. அவள் இரண்டு கையும் அந்த வீலின்மேல் இருந்தது. கூடப் பிறந்த அண்ணன் கீழே சக்கரத்துக்கு அடியில் கிடக்கிறான், இவள் திறப்பதற்குத் தயாராக நிற்கிறாள். நாலு. மூணு.

மேடைக்குப் படி எந்தப் பக்கம் என்று தேடவில்லை. கம்பித் தடுப்பில் காலை வைத்து ஏறினேன். ஒரு முட்டி கம்பியில் இடித்தது. இரண்டு. ஒன்று.

அவள் திருப்பிவிட்டாள். பாதிச் சுற்று. எண்ணெய் போட்ட வீல், வெண்ணெய் மாதிரி நழுவிற்று. அடியிலிருந்து ஒரு சீறல் கிளம்பியது. அடுத்த பாதிக்கு அவள் கையை மாற்றிப் பிடிப்பதற்குள் நான் வீலின்மேல் விழுந்தேன். கம்பிகளுக்கு நடுவே இரண்டு கையையும் முழங்கைவரை நுழைத்து, நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க அண்ணி, என்ன அசிங்கம் இது!"

"உங்க அண்ணன் உள்ள இருக்காருடி!"

அவள் கை அப்படியே நின்றது. "எங்க உள்ள?" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. வீலை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இந்தப் பக்கம் திருப்பினால் இன்னும் திறந்துவிடுமோ என்று தொடவும் பயம், விடவும் பயம். கீழே அந்தச் சீறல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மெஷினின் தண்டு மெதுவாக, ரொம்ப நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றுவதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு சுற்றில் என் உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் ஆபரேட்டர் பாய்ந்து வந்து எங்களைத் தள்ளிவிட்டு வீலை எதிர்ப்பக்கம் இறுக்கினான். பாட்டை யாரோ அணைத்தார்கள்.

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஆபரேட்டர் முன்னால் ஓடிக் கதவை இழுத்தான். குழிக்குள்ளிருந்து தண்ணீர் எங்கள் பாதத்தின்மேல் வழிந்து வந்தது. உள்ளே ஒரே இருட்டு, கிண்ணங்களிலிருந்து சொட்டுகிற சத்தம்.

"ஏங்க!"

பதில் இல்லை. எனக்கு இரண்டாம் தரம் கூப்பிடத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டும் பதில் வராவிட்டால்? ஆபரேட்டர் தலையை உள்ளே நீட்டி "சார்! சார்!" என்றான். சிமெண்டில் ஏதோ உரசியது. அப்புறம் கதவின் விளிம்பில் ஒரு கை வந்து பிடித்தது.

தவழ்ந்து வெளியே வந்து, அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வெட்டு, ரத்தம் புருவத்தில் வழிந்தது. மூக்குக் கண்ணாடி இல்லை. முதுகுப் பக்கம் சட்டை மேலிருந்து கீழ்வரை கிழிந்து தொங்கியது. கை, கால், விரல் எல்லாம் இருக்கிறதா என்று நான் தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். சிவப்பு ரிப்பன் விரலில் சுற்றிக்கொண்டு டோக்கன் இன்னும் அதில்தான் இருந்தது.

"அதை ஏன் கழட்டின?" என்றார்.

"நான் கழட்டலீங்க."

வழிகாட்டிப் பெண் படிக்குக் கீழே நின்றிருந்தாள். "ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாடியும் எடுத்துக் குடுத்துடச் சொல்லியிருக்காங்க சார்."

"எடுக்கறதுக்கு முன்னாடி ஆளை எண்ணிப் பாத்தியா?"

"எந்த ஆளை சார்?" என்றாள் அவள். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சைரன் கேட்டுச்சு. ரெக்கார்டிங்னு நினைச்சேன்" என்றார் என்னிடம், ரொம்ப மெதுவாக. "அப்புறம் குழாய்ல தண்ணி ஏறுற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்மா, தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அப்பவும் ஓடல. டோக்கன் தொங்குதே, யார் திறப்பான்னு நின்னுட்டேன்." என் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் அவருக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம். நாத்தனார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்திருந்தாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். இரண்டு கையையும் உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள், மாவு பிசைந்த கை மாதிரி.

"அண்ணே," என்றாள். "நான்தான் திருப்பினேன்."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மஞ்சள் ஹெல்மெட் தெரிந்திருக்கும்.

"நீ திருப்பினதுல ஒண்ணும் வரலம்மா" என்றார். "அந்த ஊசி பழசு. மெயின் வால்வைத் திறந்தாலே தானா கசியும். எங்க காலத்துலயும் அப்படித்தான்."

ஆபரேட்டர் வாயைத் திறந்தான். என் வீட்டுக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த ஊசியில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் தன் மானம் போனதாக நினைத்து ராத்திரி சாப்பிடாமல் திரும்ப வேலைக்குப் போகிற மனுஷன் அவர். கசிகிற தண்ணீர் சட்டையை இப்படிக் கிழிக்காது என்று எனக்கே தெரிந்தது.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "நிஜமா அண்ணி?"

பொய் சொன்னால் என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும், அது அவளுக்கும் தெரியும்.

"ஆமா. நீ தொடறதுக்கு முன்னாடியே கீழ தண்ணிச் சத்தம் கேட்டுச்சு" என்றேன். "அதனாலதான் ஓடி வந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். பக்கத்திலேயே ஆபரேட்டர் இருந்தான், நான் இருந்தேன். "இங்க வா. கையைக் குடு, எழுந்திரிக்கணும்" என்று அவளிடம்தான் கேட்டார். அவள் மீதிப் படிகளை இறங்கி வந்து, தண்ணீருக்குள் நின்று, இரண்டு கையாலும் பிடித்து அவரைத் தூக்கினாள்.